மாளிகைகளும் எங்கள் தீவுகளும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் ஐரோப்பாவில் வாழும் எம்மவர் வீடுகளில் பயணப் பேச்சுத்தான். பாரிசில் இருப்பவர் அம்ஸ்டர்டாமுக்கும், சூரிச்சில் இருப்பவர் இலண்டனுக்கும், கோப்பன்கேகனில் இருப்பவர் பாரிசுக்கும் உறவினர் வீடுகளைச் சாட்டாக வைத்துப் புறப்படுகிறார்கள். சோற்றுப் பார்சலும் மிக்சர்ப் பையும் வாகனத்தில் ஏறுகின்றன. அரண்மனைக்கு முன்னால் ஒரு படம், கோபுரத்துக்குக் கீழே ஒரு படம், நூதனசாலை வாசலில் ஒரு படம். மாலையில் உறவினர் வீட்டில் கொத்துரொட்டி. இது நல்ல வழக்கம்தான். உறவும் வளர்கிறது, பிள்ளைகளும் உலகத்தைப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த மாளிகைகளை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்தவன். ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவற்றை நடந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இவை முழுக்க முழுக்க அந்நியருடைய மாளிகைகள் அல்ல. இவற்றின் சுவர்களிலும் தரையிலும் கண்ணாடிப் பெட்டிகளிலும் எங்கள் கடலின் கதையும் கிடக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அம்ஸ்டர்டாம்: காலடியில் உலகம்

அம்ஸ்டர்டாம் நகரின் நடுவே டாம் சதுக்கத்தில் நிற்பது அரச மாளிகை. இது அரசனுக்காகக் கட்டப்பட்டதல்ல. யாக்கோப் வான் காம்பன் என்ற கட்டடக் கலைஞர் நகர சபைக்காக அமைத்த மண்டபம். 1655 இல் திறந்து வைக்கப்பட்டது. நெப்போலியனின் தம்பி லூயி 1808 இல் அங்கே குடிபுகுந்த பிறகுதான் அது அரண்மனை ஆயிற்று. சதுப்பு நிலத்தில் 13,659 மரத் தூண்களை அடித்து இறக்கி, அவற்றின் மேலே இந்தப் பெருங்கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அரச குடும்பம் பயன்படுத்தாத நாட்களில் நுழைவுச்சீட்டு வாங்கி நாமும் உள்ளே போகலாம்.

உள்ளே பெரிய மண்டபத்தின் பளிங்குத் தரையில் உலகப் படம் இரண்டு அரைக்கோளங்களாகப் பதிக்கப்பட்டுள்ளது. நடுவில் விண்மீன்கள் நிறைந்த வானப் படம். அந்நகரத்தவர் உலகத்தைக் காலடியில் விரித்து அதன் மேல் நடந்தார்கள். கட்டடத்தின் பின்புற முகப்புச் சிற்பத்திலோ நாலு கண்டங்களும் தம் பொருள்களைக் கொண்டுவந்து அம்ஸ்டர்டாம் என்னும் பெண்ணுக்குக் கொடுப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்த மண்டபம் திறந்து மூன்றே வருடங்களில், 1658 யூன் மாதத்தில், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அத்துடன் எங்கள் தீவுகளுக்குப் புதுப் பெயர்கள் வந்தன. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் உள்ள தீவு லைடன். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவு டெல்வ்ற். எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்வ்ற், றொட்டர்டாம் என்ற நாலும் 1602 இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு சபைகள் இருந்த நகரங்களுள் அடங்குவன. முதலாளிகளின் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு முத்திரையாகக் குத்தினார்கள் என்று சொல்லலாம்.

இவற்றுள் இன்று வழக்கில் எஞ்சியிருப்பது டெல்வ்ற் ஒன்றுதான். அதுவும் ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும். எங்கள் ஆச்சிமார் ஒருநாளும் மிடில்பேர்க் என்று சொன்னதில்லை. ஆட்சி பெயரை எழுதி வைக்கலாம். வாய் ஏற்றுக்கொண்டால்தான் அது நிலைக்கும்.

படத்தில் ஒருவர், புத்தகத்தில் ஒரு நாடு

அதே நகரில் இருக்கும் றைக்ஸ்மியூசியம் என்ற தேசிய நூதனசாலையின் சேகரிப்பில் 1668 இல் வரையப்பட்ட ஓர் ஓவியம் உண்டு. வரைந்தவர் யோஹான் டி லா றொக்கெற். படத்தில் இருவர். ஒருவர் பிலிப்பு பால்தேயு. ஒல்லாந்தப் படையுடன் வந்து யாழ்ப்பாணத்தில் சமயப் பணி செய்த போதகர். மற்றவர் பெயர் கெரிட் மொசொப்பொட்டம். பெயரின் முற்பாதி ஒல்லாந்தருடையது. பிற்பாதி அவர் பிறந்த மண்ணிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்த ஒருவருக்கு நேர்ந்ததை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெயரைச் சுருக்கிச் சொல்லும்போது எனக்கு இவருடைய நினைவு வருவதுண்டு.

பால்தேயு எழுதிய பெருநூல் 1672 இல் அம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றியது. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களும் தமிழ் எழுத்துகளும் அதில் உண்டு. எங்கள் தீவுகளின் தமிழ்ப் பெயர்களையும் அவர் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார். வென்றவர் எழுதிய புத்தகம்தான். என்றாலும் 350 வருடங்களுக்கு முந்திய எங்கள் ஊர்களை அறிய நாம் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. எழுதி வைத்தவன் கையில்தான் கதை தங்குகிறது.

திரும்பிய பீரங்கி

இதே நூதனசாலையில் நீண்ட காலம் ஒரு சிறிய பீரங்கி இருந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த வெண்கலப் பீரங்கி. சுடுவதற்கல்ல, அழகுக்காகச் செய்யப்பட்டது. லெவ்கே திசாவை என்ற பிரதானி 1745 அளவில் கண்டி அரசனுக்குக் கொடுத்த பரிசு. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அதை எடுத்துச் சென்றார்கள். வாள்கள், கத்தி, துப்பாக்கிகள் ஆகியவற்றுடன் சேர்த்து ஆறு பொருள்களைத் திருப்பிக் கொடுக்க 2023 யூலையில் நெதர்லாந்து அரசு முடிவு செய்தது. அதே வருடம் டிசம்பரில் அவை கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. கண்டி அரசரின் சிம்மாசனத்தை ஆங்கிலேயர் 1815 இல் எடுத்துச் சென்று வின்சர் மாளிகையில் வைத்திருந்தார்கள். அது 1934 இல் திரும்பி வந்தது. அந்தச் சிம்மாசனமோ 1693 இல் ஒல்லாந்த ஆளுநர் கண்டி அரசனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் எடுத்து, பின்னர் திருப்பிக் கொடுத்தார். பொருள்களுக்கும் புலப்பெயர்வு உண்டு, நேயர்களே. சில பொருள்கள் ஊர் திரும்புகின்றன. சில திரும்புவதில்லை.

லிஸ்பன்: யானைகள் சுமக்கும் சமாதிகள்

போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் யெறொனிமோஸ் என்ற பெரிய மடாலயம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது. கிழக்கிலிருந்து வந்த மிளகு முதலியவற்றின் மீது விதித்த வரிப்பணம் அதன் செலவுக்குப் போயிற்று. வாசலுக்கு அருகில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. உள்ளே அரசர்களின் சமாதிகள். அந்தச் சமாதிப் பேழைகளைப் பளிங்கு யானைகள் தாங்கி நிற்கின்றன.

அந்த யானைகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஊர்காவற்றுறைதான் நினைவுக்கு வந்தது. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்கிறோமே, அந்தப் பெயர் துறைமேடை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. யானைத் துறை என்று அவர்கள் அழைத்தார்கள். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் அந்தத் துறையிலே கப்பல் ஏறின. அங்கே பளிங்கில் நிற்கும் யானைக்கும் இங்கே வள்ளத்தில் ஏறிய யானைக்கும் நடுவில் ஒரு பேரரசின் கணக்குப் புத்தகம் கிடக்கிறது. அந்தக் கணக்கில் நல்லூரும் சேரும். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது. 1621 இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. கடைசி அரசன் சங்கிலி குமாரன் கோவாவிலே கொல்லப்பட்டான்.

கோப்பன்கேகனின் பொன்னேடு

டென்மார்க் தலைநகரில் நாலாம் கிறிஸ்தியான் அரசன் கட்டிய றோசன்போர்க் மாளிகையை எம்மவர் பலர் பார்த்திருப்பீர்கள். முடியும் மணிகளும் அங்கேதான். சிம்மாசனத்துக்குக் காவலாக வெள்ளியில் மூன்று சிங்கங்கள். இந்த அரசன் கிழக்கே அனுப்பிய கப்பல்கள் முதலில் குறிவைத்தது இலங்கையைத்தான். கண்டியுடன் உடன்பாடு சரிவராமற் போகவே அவர்கள் சோழநாட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடி டேனியர் துறைமுகமாயிற்று. 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது அவர்கள் கையில் இருந்தது.

அப்போது நாயக்கர் டென்மார்க் அரசனுக்கு அனுப்பிய கடிதம் பொன் தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. கையொப்பம் தெலுங்கில். இன்றும் அது டேனிய அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழ் அங்கே நேற்று வந்த மொழி என்று எண்ணத் தேவையில்லை. 400 வருடங்களுக்கு முன்பே பொன்னில் எழுதப்பட்டு அரசனிடம் போன மொழி அது.

பிள்ளை கேட்கும் கேள்வி

இலண்டனில் பிரித்தானிய நூதனசாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே பொன்முலாம் பூசிய தாராதேவியின் வெண்கலச் சிலை நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆளுயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்தது. ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830 இல் அதை நூதனசாலைக்குக் கொடுத்தார். அதன் முன்னால் நின்ற ஓர் எட்டு வயதுப் பிள்ளை தகப்பனிடம், "அப்பா, இதை ஆர் இவைக்குக் குடுத்தது?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தகப்பன் எழுத்துப் பலகையை வாசித்துவிட்டு, "அதைத்தான் மோனை எல்லாரும் இப்ப கேக்கினம்" என்றார்.

நூதனசாலைக்குப் போவதன் பயன் அந்தக் கேள்விதான். ஒரு பொருளின் முன்னால் நின்று மூன்றைக் கேட்க வேண்டும். செய்தவர் யார்? இங்கே வந்தது எப்படி? அது இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது? பொருளின் கீழே உள்ள சிறிய பலகையில் பாதி விடை இருக்கும். மீதியை வீட்டுக்கு வந்து தேடலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த மாளிகைகள் தொடக்கத்திலிருந்தே மக்களுக்குத் திறந்திருந்தவை அல்ல. பாரிசின் லூவர் அரண்மனை புரட்சிக்குப் பின்னர் 1793 இல்தான் பொது நூதனசாலை ஆயிற்று. இலண்டன் பக்கிங்காம் மாளிகை மண்டபங்கள் கோடையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1993 இல். வின்சர் மாளிகையில் 1992 இல் ஏற்பட்ட தீயின் சேதத்தைத் திருத்தப் பணம் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். அரசனுடைய சொத்தை எல்லோரும் பார்க்கும் சொத்தாக மாற்றியது மக்களின் பலமும் காலத்தின் தேவையும்தான்.

எங்கள் கையில் உள்ளவை

மற்றவர் எடுத்துப் போனதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பயனில்லை. இருப்பதை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி. கரை ஒதுங்கிய பொருளிலும் உரியவனுக்குப் பங்கு உண்டு என்று கல்லில் எழுதிய கடல் இது. பீரங்கியையும் சிலையையும் பற்றிப் பேசும்போது இந்த நீதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லைத் தேடிப் பார்க்கிறார்கள்?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதற்குள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. 1991 இல் தீவகம் படையினர் வசமானபோது எங்கள் ஊரே எழும்பிப் போயிற்று. பெட்டகங்களும் ஏடுகளும் பழைய காணி உறுதிகளும் கல்யாணப் படங்களும் வீடுகளோடு விடப்பட்டன. கூரை விழுந்த வீட்டுக்குள் ஆலமரம் முளைத்தது. எஞ்சியவை இன்று கொழும்பிலும் பாரிசிலும் தொரொன்ரோவிலும் அலுமாரிகளின் மேல்தட்டில் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை எங்களுடையது.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் நல்லூர்ச் சங்கிலியன் தோப்பு வாசலையும் மந்திரிமனையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இறுப்பிட்டியிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி, நன்னீர்க் கிணறு ஆகியவற்றுக்கு முன்னாலும் ஒரு படம் எடுங்கள். படத்தின் பின்னால் இடமும் வருடமும் கட்டியவர் பெயரும் எழுதுங்கள். தாத்தாவின் உறுதியை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆச்சியிடம் கேட்டதைக் கொப்பியில் எழுதுங்கள்.

மாடு முதுகு உரஞ்ச ஒருவன் கல் நட்டான். வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்க இன்னொருவன் கல் நட்டான். அரண்மனை கட்டியவர்களுடைய பெயரைச் சொல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இந்தக் கல் நட்டவர்களுடைய பெயரைச் சொல்ல எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.