வெள்ளிக்கிழமைக் கடிதம்

அமெரிக்காவில் ‘கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூல்’ என்று ஒரு வகைப் பள்ளி இருக்கிறது. அங்கே போய்க் குடியேறிய சொந்தக்காரர்கள் யாராவது அதைப் பற்றிச் சொன்னால், இங்கே முதலில் எழும் கேள்வி, “இந்தக் காலத்தில் லத்தீன் படித்து என்ன செய்வது?” என்பதுதான். டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேளுங்கள். லத்தீனில் தொடங்கினாலும் விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்தப் பள்ளிகளின் வேர் இங்கிலாந்தில். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். இடைக்காலப் பள்ளிகளில் இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்ற வரிசையில் பாடம் நடந்தது. அந்த வரிசை பிள்ளைகள் வளரும் விதத்தோடு ஒத்துப்போகிறது என்பது அவர் வாதம். சின்ன வயதில் கிளிப்பிள்ளை போல எதையும் ஒப்பிப்பார்கள். அடுத்து எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும் பருவம். அதற்கும் பிறகு, தன் மனத்தில் இருப்பதைத் தன் குரலில் சொல்லத் தவிக்கும் பருவம். அந்தந்தப் பருவத்தின் ஆசைக்கு ஏற்ற பாடத்தைக் கொடுங்கள் என்றார். இது நடைமுறைக்கு வரும் என்ற நம்பிக்கை அவருக்கே இருக்கவில்லை.

ஆனால் 1981-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மாஸ்கோ என்ற சிற்றூரில், சில பெற்றோர் சேர்ந்து லோகோஸ் பள்ளியைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான டக்ளஸ் வில்சன் 1991-இல் இதைப் பற்றி எழுதிய புத்தகம் பரவியது. இன்று இவ்வகைப் பள்ளிகள் பல நூறு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே வில்சன் 1996-இல் இன்னொருவரோடு சேர்ந்து, தென் மாநில அடிமை முறையைப் பற்றி எழுதிய சிறுநூலை வரலாற்றாளர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் முற்றிலும் சரி. இந்தப் பள்ளிகள் எல்லாம் அவர் வழி நடப்பவை அல்ல என்பதும் உண்மை.

இனி தலைப்பில் சொன்ன கடிதத்துக்கு வருவோம். வாரக் கடைசியில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, இவ்வகைப் பள்ளிகள் பலவற்றிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் போகும். மேலோட்டமாகப் பார்த்தால் சில்லறைச் செய்திகள்: எந்த ‘ஹவுஸ்’ எத்தனை புள்ளி எடுத்தது, தாத்தா பாட்டிகள் பள்ளிக்கு வரும் நாள் எது, அக்டோபர் 31-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த நாளுக்கு யார் யார் வேஷம் போடுகிறார்கள், சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப் போக கார்கள் எந்த வாசலில் வரிசை நிற்க வேண்டும். பலர் இதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நடுவில் இருக்கும் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்: ‘இந்த வாரம் மனப்பாடம்.’

மூன்றாம் வகுப்புக்கு அதில் என்ன இருக்கும்? ஒரு பைபிள் வசனம், வரலாற்றுக் காலவரிசைப் பாட்டில் இரண்டு மூன்று அடி, பிறகு லத்தீன்: மென்ஸா, மென்ஸே, மென்ஸே, மென்ஸம், மென்ஸா. மேசை, மேசையின், மேசைக்கு, மேசையை, மேசையால். நாம் ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபு ஒப்பித்தோமே, அதே வேலைதான். வகுப்பே ஒரே தாளத்தில், மேசையைத் தட்டிக்கொண்டு, சத்தமாகச் சொல்லும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பாரமே இல்லை, விளையாட்டு. பதினாலு வயதில் அதையே கொடுத்தால் முகம் சுளிப்பான். அதனால் அப்போது தர்க்கம் வருகிறது. ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கடைசியில் சொல்லாட்சி. பன்னிரண்டாம் வகுப்பில் மாணவர் தானே ஒரு பொருளை எடுத்து நீண்ட கட்டுரை எழுதி, ஆசிரியர்கள் அமர்ந்த குழுவின் முன் நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த நாளும் நேரமும் கடிதத்தில் வரும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். தன் பிள்ளை பத்து வருஷம் கழித்து எங்கே நிற்கப் போகிறது என்பதை அவர்கள் அங்கே நேரில் பார்க்கிறார்கள்.

மனப்பாடப் பகுதியைப் பெற்றோருக்கு ஏன் அனுப்புகிறார்கள்? பிள்ளைக்குக் கற்பிக்கும் பொறுப்பு பெற்றோருடையது, பள்ளி அவர்களுக்குப் பதிலாக நிற்பது மட்டுமே என்பது இந்தப் பள்ளிகளின் கொள்கை. பைபிளில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆகவே அந்தக் கடிதம் வீட்டுக்கு வரும் வேலை ஒதுக்கீடு. இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவும் அம்மாவும் ‘மென்ஸா, மென்ஸே’ சொல்ல வேண்டியிருக்கும். கடைசிப் பத்தியில் இன்னொரு ஒதுக்கீடும் இருக்கும்: குழந்தை பிறந்த வீட்டுக்கு, அறுவை சிகிச்சை முடிந்த வீட்டுக்கு, எந்தக் குடும்பம் எந்த நாள் சாப்பாடு செய்து கொண்டுபோகும் என்ற பட்டியல். படிப்பும் பந்தியும் ஒரே தாளில் வருவதுதான் இந்தப் பள்ளிகளின் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இவை கட்டணப் பள்ளிகள். சில பள்ளிகளில் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வகுப்பு; மற்ற நாள் வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது எப்படிச் சரிப்படும்? உதவித்தொகை பணக் குறையை ஈடுகட்டலாம். நேரத்தை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி.

உங்கள் தம்பியோ மகளோ அங்கே இப்படி ஒரு பள்ளியைத் தேடிக்கொண்டிருந்தால், கட்டடத்தையும் சீருடையையும் பார்ப்பதற்கு முன்னால், கடந்த நாலைந்து வாரக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் வேலை தங்கள் சாயங்காலத்துக்குள் அடங்குமா, சாப்பாட்டுப் பட்டியலில் புதிதாக வந்த குடும்பங்களின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கட்டட்டும்.