வேலை நாளும் செயலி நாளும்: கணனித் திறனின் நிலை அறிக்கையை வாசித்தல்

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில், மலையகத்தின் பிற பகுதிகளிற் போலவே, ஒரு நாள் உழைப்பைக் குறிக்கும் சொல் ‘பேர்’ என்பதாகும். செக்ரோலில் பெயர் பதியப்பட்டாற் கூலி உண்டு. நிர்ணயித்த அளவு நிறைவேறாதவிடத்து ‘அரைப் பேர்’ விழும். பதிவேடு மனிதரை எண்ணுவது போலத் தோன்றினும், உண்மையில் அது எண்ணுவது விலைகொடுத்து வாங்கப்பட்ட உழைப்பு நேரத்தையே. நாம் இங்கு விளக்க முற்படுவது இன்னொரு பதிவேட்டை. பெரிய சேர்வர் கணனிகளில் ‘தேவைக்கேற்ற திறன்’ என்னும் ஏற்பாட்டின்கீழ் வெளிவரும் நிலை அறிக்கையே அது. இதனைத் தொழில்நுட்பவியலாளரின் தனிச்சொத்தாக விட்டுவிடுதல் தகாது. வங்கிகளும் அரச நிறுவனங்களும் இத்தகைய கணனிகளுக்குச் செலுத்துவது அந்நியச் செலாவணி. அதனை ஈட்டுவோரிற் கணிசமானோர் செக்ரோலிற் பெயர் பதிந்தவர்களே.

இவ்வேற்பாட்டின் அடிப்படை எளிது. உற்பத்தியாளர் சேர்வரை முழு எண்ணிக்கையிலான செயலிக் கருக்களுடன் அனுப்புகிறார். ஆயின், வாங்குபவர் பணம் செலுத்திய கருக்கள் மாத்திரமே இயங்கும். எஞ்சியவை பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். பின்னர் பணம் செலுத்தினால் வந்து சேர்வது ஒரு பொருளன்று. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு திறப்புக் குறியீடு. அதனை உட்செலுத்தியதும் உறங்கிய கரு விழித்துக்கொள்கிறது. அக்கருவை ஆக்குதற்கான உழைப்பு தொழிற்சாலையில் முன்னரே செலவாகிவிட்டது. ஆதலின் இங்கு விற்கப்படுவது அனுமதி என்க. அதன் விலையில் வாடகையின் இயல்பே மேலோங்கி நிற்கிறது.

இப்போக்கு திடீரெனத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் தனது அட்டைக் கணக்கு இயந்திரங்களை நெடுங்காலம் விற்காது வாடகைக்கே விட்டது. வாடகைக்கு எடுத்தோர் தன் அட்டைகளையே பயன்படுத்த வேண்டும் என அது விதித்த நிபந்தனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1936இல் செல்லாதாக்கியது. இயந்திரங்களை விற்பனைக்கும் வைக்க வேண்டும் என்ற கடப்பாடு 1956இல் வந்தது. மென்பொருளுக்குத் தனி விலையிடுவதாக 1969இல் அந்நிறுவனமே அறிவித்தது. விற்கப்பட்ட பெட்டிக்குள்ளேயே வாடகை மீண்டும் குடிபுகுந்தமை பிற்கால வரலாறு.

இனி அறிக்கைக்கு வருவோம். ஐ.பி.எம்.மின் பவர் வகைச் சேர்வர்களில் தற்காலிகத் திறனுக்கு வகுக்கப்பட்ட அலகு ‘செயலி நாள்’. ஒரு கரு, இருபத்துநான்கு மணி நேரம். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். சேர்வரிற் பொருத்தப்பட்ட கருக்கள் 16. நிரந்தரமாகத் திறக்கப்பட்டவை 10. ஆண்டிறுதிக் கணக்கு வேலைக்காக மேலும் 4 கருக்கள் 5 நாட்களுக்குக் கோரப்படுகின்றன. இரண்டு கருக்கள் மூன்று நாட்கள் மாத்திரமே உழைத்தன என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாக வாசிப்பவர் 6 செயலி நாட்கள் என்பார். கோரிக்கை இடையில் நிறுத்தப்பட்டாலன்றி, அறிக்கை காட்டுவது 20. கட்டணம் கோரிக்கைக்கு உரியது, உழைப்புக்கு உரியதன்று. ‘கோரப்பட்ட நாட்கள்’ என்னும் வரியைப் ‘பயன்படுத்திய நாட்கள்’ என வாசிப்பதே பெருவழக்கான பிழை.

அடுத்துக் காணப்படும் ‘திருப்பப்படாத நாட்கள்’ என்னும் வரி மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. கோரிய காலம் முடிந்த பின்னும், அக்கருக்களை நிர்வாகி உரிய பிரிவிலிருந்து விடுவிக்காவிட்டால் அவை தாமாக மீள்வதில்லை. ஒரு கரு இரண்டு நாள் தங்கிவிட்டால் கணக்கில் மேலும் 2 ஏறும். இந்த வரி பூச்சியமாக இல்லாவிடின் ஏனையவற்றை வாசிக்குமுன் அதனையே விசாரிக்க வேண்டும். ‘எஞ்சிய நாட்கள்’ என்பதோ, முன்னர் பெற்ற குறியீடு இன்னும் எவ்வளவு கோர இடந்தருகிறது என்பதன் எல்லை மாத்திரமே. அது கையிருப்புப் பணமன்று.

செக்ரோலுடனான ஒப்புமை இவ்விடத்தில் தலைகீழாகிறது. மழைக்காலத்திற் பால் வெட்ட இயலாத றப்பர்த் தோட்டத்தில் காத்துநிற்கும் தொழிலாளிக்குப் பேர் விழுவதில்லை. சேர்வரில் காத்துநிற்கும் கருவுக்கோ முழுப் பேர் விழுகிறது. காரணம் உடைமை உறவிலேயே உள்ளது. வேலையற்ற கையின் இழப்பு அக்கைக்கு உரியவரின் தலையிலேயே விடியும். வேலையற்ற கருவின் இழப்பை மூலதனம் ஒப்பந்தத்தின் மூலம் வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடுகிறது. திறப்புக் குறியீட்டுக்குத் தோட்ட வரலாற்றிற் கிட்டிய உறவு ‘துண்டு’ ஆகலாம். கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த அச்சீட்டுமுறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. (ஒப்புமையை இதற்குமேல் இழுத்தல் கூடாது, கருவுக்குப் பசியுமில்லை, சங்கமுமில்லை.)

மென்பொருள் அனுமதிப்பத்திரம் வேறொரு கணக்கு. கருவைத் திறக்கச் செலுத்திய பணம், அதில் ஓடும் தரவுத்தளத்துக்கு உரிமை தந்துவிடாது. ஐ.பி.எம். தன் மென்பொருள்களைச் சேர்வரின் ஒரு பகுதியில் மாத்திரம் இயக்கி அப்பகுதிக்கே பணம் செலுத்த அனுமதிக்கும்போது, தனது அளவீட்டுக் கருவியைப் பொருத்துமாறும், காலாண்டுக்கு ஒரு முறையேனும் அறிக்கை எடுக்குமாறும், அவற்றை இரண்டு ஆண்டுகள் பேணுமாறும் விதிக்கிறது. அவ்வறிக்கை காட்டுவது சராசரியையன்று, உச்சத்தை. ஒரு நாள் விழித்த கருக்களும் அக்காலாண்டின் உச்சத்தை உயர்த்திவிடக்கூடும். அறிக்கை இல்லையெனில் முழுச் சேர்வருக்கும் கணக்கிடப்படும். ஒராக்கிள் நிறுவனமோ, விஎம்வெயார் போன்ற மென்பொருளால் வகுக்கப்பட்ட பிரிவுகளை எல்லையாக ஏற்பதில்லை. எண்ணிக்கை அடியிலுள்ள இயந்திரத்துக்கே செல்லும்.

ஆகவே இரு அறிக்கைகளையும் ஒரே மேசையில் வைத்து வாசித்தல் அவசியம். நம் நாட்டு நிறுவனங்களிற் பெரும்பாலும் வன்பொருட் கட்டணத்தை ஒருவரும் மென்பொருட் கட்டணத்தை வேறொருவரும் கையொப்பமிட்டு அனுப்புவர். 2022இன் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. திருப்பப்படாத ஒரு செயலி நாளின் டொலர் விலை மாறாதிருந்தும், அதன் ரூபா விலை சில மாதங்களில் முக்காற் பங்குக்கு மேல் உயர்ந்தது. அவ்வரியைக் கேள்விகேட்கும் பொறுப்பு எந்தக் கையொப்பத்துக்கு உரியது என்பது அந்நிறுவனங்களில் இன்னும் வரையறுக்கப்பட வேண்டியுள்ளது.