மனசுக்கு மருந்து, உடம்புக்கு வினை

மனநிலையைச் சீராக்கும் மாத்திரைகள் பெண்களின் ஹார்மோன்களைக் குலைக்கக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லாததால் வரும் ஆபத்து அதைவிடப் பெரிது.

அந்தச் செய்தி கல்கத்தாவிலிருந்துதான் புறப்பட்டது. 'பைத்தியத்துக்கு மருந்து' என்று கிராமத்தார் காலங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேர், மனநோயையும் உயர் ரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் 1931ல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். 1952ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். மருத்துவ உலகம் கொண்டாடியது. பிறகு இன்னொரு சங்கதியும் தெரியவந்தது: மருந்து சாப்பிட்ட சில பெண்களுக்கு, கர்ப்பமாகாமலே மார்பில் பால் கசிந்தது. மூளையில் டோபமைன் குறைந்தால், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கட்டுக்கடங்காமல் போகும் என்பதே காரணம்.

மனநோய் சிகிச்சையிலிருந்து ரிசர்பின் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அது கற்றுத்தந்த பாடம் மட்டும் மறையவில்லை: மனதைத் தொடும் மருந்து உடலையும் தொடும்.

இன்று அதே நகரத்தில், நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, உற்சாகத்தின் உச்சிக்கும் சோர்வின் பாதாளத்துக்கும் மாறிமாறித் தள்ளும் இருதுருவ மனநோய்க்கு லித்தியமும் சோடியம் வால்ப்ரோயேட்டும் முக்கிய மருந்துகள். இரண்டுமே எத்தனையோ பேரை வேலைக்கும் குடும்பத்துக்கும் மீட்டுத் தந்திருக்கின்றன. லித்தியத்துக்குத் தற்கொலையைத் தடுக்கும் ஆற்றலும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் பெண்களே கொடுக்கிறார்கள்.

வால்ப்ரோயேட் மீது சந்தேகத்தைக் கிளப்பியது பின்லாந்து. வலிப்பு நோய்க்காக அதைச் சாப்பிட்ட பெண்களில் 43 சதவீதம் பேருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதை 1993ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 'அது வலிப்பின் விளைவாக இருக்கலாமே' என்று சிலர் வாதிட்டார்கள். 2006ல் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. இருதுருவ நோய் உள்ள பெண்களில், வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்களில் 10.5 சதவீதம் பேருக்குப் புதிதாக மாதவிலக்கு தள்ளிப்போய், ஆண் ஹார்மோன் மிகுந்ததன் அறிகுறிகளும் தோன்றின. வேறு மருந்து சாப்பிட்டவர்களில் அது 1.4 சதவீதம்தான். மருந்து தொடங்கிய ஓராண்டுக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. எடை கூடுகிறது, இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை, சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. முகத்தில் ரோமம், பருக்கள், தலைமுடி உதிர்தல் எல்லாம் இதன் தொடர்ச்சி.

லித்தியத்தின் குறி தைராய்டு. அந்தச் சுரப்பியிலிருந்து ஹார்மோன் வெளியேறுவதை அது தடுக்கிறது. ஆண்களைவிடப் பெண்களே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அசதி, உடல் பருமன், அதிக உதிரப்போக்கு, எதிலும் பிடிப்பின்மை என்று அறிகுறிகள் வரும்போது, 'பழைய நோய் திரும்பிவிட்டது' என்று வீட்டார் முடிவுகட்டுவதுண்டு. உண்மையில் தேவைப்படுவது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையும் தைராய்டு மாத்திரையுமாக இருக்கலாம். இவற்றோடு தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரோலாக்டினை உயர்த்தி மாதவிலக்கையே நிறுத்திவிடக்கூடும்.

திருமணம் என்று வரும்போது விஷயம் இன்னும் தீவிரமாகிறது. நோயையே மறைத்து மணம் முடிக்கும் வீடுகளில் மாத்திரையைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் கோளாறு வரலாம். 30 முதல் 40 பேருக்கு மன வளர்ச்சி பாதிக்கப்படலாம். கருவின் தண்டுவடம் முதல் நான்கு வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது. நாள் தள்ளிப்போவதைப் பெண் கவனிக்கும் முன்பே ஆபத்து நிகழ்ந்துவிடலாம். கருத்தடை ஏற்பாடு இல்லாமல் இளம் பெண்களுக்கு இந்த மருந்தைத் தரக்கூடாது என்று 2018ல் பிரிட்டன் விதித்தது இதனால்தான். கருத்தடை மாத்திரையிலும் சிக்கல் உண்டு: கார்பமாசெபின் அதன் பலனைக் குறைக்கும். லாமோட்ரிஜின் சாப்பிட்டாலோ, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அந்த மருந்தின் பலனைக் குறைக்கும்.

இதையெல்லாம் கேட்டு மாத்திரைகளைக் குப்பைத் தொட்டியில் எறிவதுதான் ஆகப்பெரிய தவறு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பும். தற்கொலை எண்ணமும் தலைதூக்கும். மாதவிலக்கு நின்றுபோன பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மருந்தை விட்டுவிட்டு, சில வாரங்களில் மருத்துவமனைக் கட்டிலில் முடிகிற கதை மனநல மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

தடுக்கும் வழியோ எளிமையானது. மருந்து தொடங்கும் முன் எடையைப் பார்த்து, மாதவிலக்கு விவரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, லித்தியத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் பரிசோதிப்பது, தொல்லை வந்தால் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றுவது. குழந்தை பெறும் ஆசை இருந்தால் அதைப் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது.

சட்டமும் பெண்கள் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சிகிச்சையின் தெரிந்த பக்கவிளைவுகளை அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. கொல்கத்தாவில் ரத்னாபோலி ராய் தொடங்கிய 'அஞ்சலி' அமைப்பு, அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களின் உரிமைகளுக்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது.

நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தூக்கம், கோபம், பசி பற்றிக் கேள்விகள் வருகின்றன. 'மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?' என்ற கேள்வியைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. மருத்துவர் கேட்காவிட்டால், தானே வாய்திறந்து சொல்லிவிடுவதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லது.