ஒரு ஜாண் விலகினால்

அரிசி மண்டி வாசலில் லாரி நிற்கிறது. மேலே இருவர் மூட்டையின் காதுகளைப் பிடித்து நகர்த்த, கீழே சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டவர் முதுகைக் கொடுக்கிறார். மூட்டை பிடரியில் உட்கார்ந்ததும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிடுகிறார். கவனித்தால், அவர் தரைக்குக் குனியவே இல்லை.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் மாட்டியிருக்கும் படம் வேறு. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, தூக்கு. படத்தில் இருப்பது காலிடுக்கில் அடங்கும் சின்ன அட்டைப்பெட்டி. அதற்கு இது சரிதான். அகலமான மூட்டை முழங்கால்களுக்கு நடுவே நுழையாது. மடக்கிய முழங்காலே அதை முன்னால் தள்ளிவிடும். ஆபத்து அந்தத் தூரத்தில்தான்.

முதுகுத் தசைகள் இடுப்பு டிஸ்க்குக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளி இருந்து இழுக்கின்றன. முன்னால் 50 செ.மீ. தொலைவில் 10 கிலோவைப் பிடித்தால், அதைச் சமன் செய்ய அவை 100 கிலோ பலத்தில் இழுத்தாக வேண்டும். குனிந்த மேலுடம்பின் எடை தனிக்கணக்கு. அத்தனையும் டிஸ்க்கின் தலையில்தான் விடியும். பிடரியில் ஏறிய மூட்டைக்கு இந்த நெம்புகோல் கணக்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-ல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் தோதாக அமைந்தால் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ. அதற்குச் சுமை, கணுக்கால்களிலிருந்து 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இன்னும் ஒரு ஜாண் விலகி 50 செ.மீ. ஆனால் வரம்பு பாதியாகிவிடும். தரையிலிருந்து எடுத்தால் அதிலும் கிட்டத்தட்ட கால்வாசி கழியும். நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ!

சரி, பயிற்சியால் பலன் உண்டா? பல ஆய்வுகளை ஒருசேர அலசிய காக்ரேன் அறிக்கை 2011-ல் கொடுத்த பதில் கசப்பானது: தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதால் மட்டும் முதுகுவலி தடுக்கப்படுவதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவருக்கு நூறாவது மூட்டையில் வகுப்பா நினைவுக்கு வரும்? ஆளைத் திருத்துவதைவிடச் சரக்கு இருக்கும் உயரத்தைத் திருத்துவது எளிது. சூத்திரம் கேட்பது 75 செ.மீ., அதாவது ஒரு மேசை உயரம்.

தலைச்சுமைக்கு இன்னும் உயரம் வேண்டும். அதையும் நம்மூரில் யோசித்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாகப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கி நட்டார்கள்: நிறுத்திய இரண்டு கல், குறுக்கே ஒரு கல், தோள் உயரம். விறகுக்கட்டை அதில் சரித்து வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். மறுபடி தலையில் ஏற்றக் குனியவும் வேண்டாம், கைகொடுக்க ஆளும் வேண்டாம்.