மஅபர் குதிரைகளும் பாண்டியர் தாயப் போரும்

புளியறையிலிருந்து தென்காசி செல்வோர் காசி விசுவநாதர் கோபுரத்தைக் காணாது திரும்புவதில்லை. பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில் அது. மதுரையை ஆண்ட குலம் இம்மலையடிவாரத்திற்கு வந்து சேர்ந்ததேன் என மாணவர் வினவுவதுண்டு. விடையின் தொடக்கம் 1310இல் நிகழ்ந்த தாயப் போரில் இருக்கிறது. அப்போரை விளங்கிக்கொள்ளக் குதிரைப்படையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

சோழமண்டலக் கரையை அரபு நூலோர் 'மஅபர்' என்றனர். 'கடக்குமிடம்' என்பது பொருள். 1268இல் முடிசூடிய மாறவர்மன் குலசேகரனுக்கு அக்கரை வழியாகவே குதிரைகள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி, மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். ஒன்றின் விலை 220 பொற்காசு. வழியில் மடிந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தது! ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான், காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பை ஏற்று அரசனின் அமைச்சராகவும் விளங்கினார்.

இத்துணை குதிரைகள் ஆண்டுதோறும் எதற்கு? வறுத்த வாற்கோதுமை, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பால் ஆகியன அவற்றுக்கு உணவாயின என்றும், நாற்பது நாள் கொட்டிலிற் கட்டிக் கொழுக்கவைத்தபின், பயிற்சியும் அங்கவடியுமின்றி வீரர் ஏறி ஓட்டினர் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். லாடமடிப்போரை வணிகர் வரவிடுவதில்லை என்பது மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு. குதிரை மடிந்தால்தானே அடுத்த கப்பல் விலைபோகும்! இதில் வணிகரின் ஆதாயத்தையும் மறைப்பதற்கில்லை.

ஹிஜ்ரி 709இன் இறுதியில் சுந்தர பாண்டியன் தந்தையைக் கொன்று முடிசூடினான் என்கிறார் வஸ்ஸாஃப். வீர பாண்டியனோடு ஓர் ஏரிக்கரையில் போர் மூண்டது. முதலில் வென்ற சுந்தரன் 710இன் நடுவில் தோற்று தில்லிக்கு ஓடினான் என்பதும் அவர் கூற்றே. 1311இல் மாலிக் காஃபூர் படையுடன் வந்தார்.

இங்கே நம்மவர் பலர் கவனியாத செய்தியொன்றை அமீர் குஸ்ரு பதிவுசெய்துள்ளார். வீர பாண்டியன் படையில் முஸ்லிம்கள் இருந்தனர். 'பாதி இந்துக்கள்' என அவர்களை ஏளனம் செய்யும் குஸ்ரு, கலிமாவை ஓத அறிந்திருந்ததால் உயிர்ப்பிச்சை பெற்றனர் என்கிறார். தில்லி அரசவைக் கவிஞரின் அவ்வேளனத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உப்பிட்ட அரசனுக்காக நின்றவர்கள் அவர்கள். ஒரு தலைமுறைக்குப்பின் மதுரை சுல்தானை எதிர்த்த ஹொய்சள வல்லாளனின் படையிலும் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். இப்போர்களைச் சமயப் போர்களாகப் படிப்போர் இவ்விரு சான்றுகளுக்கும் விடை கூற வேண்டும்.

காஃபூர் திரும்பியபோது 512 யானைகளோடு 5,000 குதிரைகளும் தில்லிக்குச் சென்றன என்பது குஸ்ருவின் கணக்கு. அவற்றுள் அரபுக் குதிரைகளும் ஷாம் நாட்டுக் குதிரைகளும் இருந்தன.