விலங்குக் காப்பகத்தில் தொண்டு: செல்லுமுன் ஒரு தடுப்பூசி

மேற்கு மாம்பலத்தில் விடியற்காலையில் நடப்பவர்களுக்குத் தெரிந்த காட்சி இது. வாசலில் கோலமிட்ட கையோடு தெரு நாய்க்கு ஒரு பிடி சோறு வைப்போரும், மதிற்சுவர் ஓரத்தில் பூனைக்குக் கிண்ணத்தில் பால் ஊற்றுவோரும் இங்கு குறைவில்லை. அவர்களில் சிலர், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி மாணவர்களும், விலங்குக் காப்பகம் ஒன்றில் முறையாகத் தொண்டு செய்ய விரும்புகிறார்கள். “சர்க்கரை நோய் இருக்கிறது, போகலாமா?”, “வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள், நான் போய்வந்தால் ஆபத்தா?” என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்கிறார்கள்.

எங்கள் விடை சுருக்கமானது. பெரும்பாலோர் போகலாம். சிலர் சற்றுக் காத்திருக்க வேண்டும். ஆனால் அனைவரும் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகே போக வேண்டும்.

நம் பகுதியில் தொடங்கிய பணி

இத்தொண்டுக்கு நம் பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தினரும் 1959இல் தியாகராய நகரில் தொடங்கிய பணியே பின்னர் ‘ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா’வாக வளர்ந்தது. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானியே. இந்தியாவின் முன்னோடிப் பெண் விமானிகளுள் ஒருவர். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறப் பெரிதும் உழைத்தவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

தெரு நாய்களைக் கொல்வதை விட்டு, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்னும் முறையை ப்ளூ கிராஸ் 1964 முதல் வலியுறுத்தி வந்தது. 1990களின் நடுவில் சென்னை மாநகராட்சியும் அதை ஏற்கத் தொடங்கியது. இன்று நாடு முழுவதற்கும் அதுவே விதி. 2001இல் வகுக்கப்பட்ட அவ்விதிகள் 2023இல் திருத்தி வெளியிடப்பட்டன. மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் அக்கறை உண்டு. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் மனிதருக்குப் பரவும் நேர்வுகளில் 99 விழுக்காடு வரை நாய்களின் வாயிலாகவே நிகழ்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பகுதியிலுள்ள நாய்களுள் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் நோயின் சங்கிலி அறுபடும். ஆகவே காப்பகத்தில் ஒரு நாயைப் பிடித்து நிறுத்தி ஊசிக்குத் துணை செய்பவர், தம் தெருக் குழந்தைகளின் உயிரையும் காக்கிறார்.

கிண்டியில் வேளச்சேரி சாலையிலுள்ள ப்ளூ கிராஸ் காப்பகம் நமக்குத் தொலைவில் இல்லை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டைக்கு அடுத்த நிலையம் கிண்டி.

முதற்படி: முன்கூட்டியே தடுப்பூசி

ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் நோயை முற்றிலும் தடுக்கலாம். விலங்குகளோடு பழகப் போகிறவர்கள் கடிபடும் வரை காத்திராமல் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசியிலிருந்து 7ஆம் நாள் இரண்டாவது, 21 அல்லது 28ஆம் நாள் மூன்றாவது என மூன்று தவணைகள். எனவே காப்பகத்தில் சேர எண்ணும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். இவ்வாறு போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால், கடித்த அன்றும் 3ஆம் நாளும் என இரண்டே ஊசிகள் போதும். இம்யூனோகுளோபுலின் மருந்து தேவைப்படாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்னும் பழைய அச்சம் இன்னும் சிலரை விட்டு அகலவில்லை. அந்தப் பழைய வகைத் தடுப்பூசியின் உற்பத்தி 2004 இறுதியில் இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது மேற்கையில்தான். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் காத்திருக்க வேண்டும்?

புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொள்வோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேளாமல் செல்லக் கூடாது. பிறருக்குச் சிறு கீறலாக முடிவது இவர்களுக்குக் கடுந்தொற்றாக மாறலாம். எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களுக்கு மேலே கூறிய இரண்டு ஊசிக் கணக்கும் பொருந்தாது. முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் முழுச் சிகிச்சை தேவை.

கர்ப்பிணிகள் பூனையின் கழிவை அள்ளக் கூடாது. அதிலுள்ள டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும். வீட்டில் கர்ப்பிணி இருப்பதால் மற்றவர் செல்வதற்குத் தடையில்லை. கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் போதும்.

சர்க்கரை நோயாளர் தாராளமாகச் செல்லலாம், ஆனால் மூடிய காலணி கட்டாயம். பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குக் கீறியது தெரியாமலே புண் முற்றிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் கூண்டு கழுவுவோர் ரப்பர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும்; சிறுநீர் கலந்த நீரின் வழியே எலிக்காய்ச்சல் பரவும்.

விலங்கைத் தொட இயலாதவர்க்கும் அங்கே வேலை உண்டு. பழைய செய்தித்தாள், போர்வை சேகரித்துத் தருவதும், தத்தெடுப்போரைத் தேடித் தருவதும் தொண்டே.

கடிபட்டால்

கடித்ததும் ஓடும் குழாய் நீரில் சோப்பு இட்டுப் புண்ணை 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாம் 15 நிமிடம் என்று நினைப்பது பெரும்பாலும் மூன்று நிமிடமாகவே இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதையும் வைக்க வேண்டாம். கட்டும் போட வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்.

“குட்டி நாய்தானே”, “இரத்தம் வரவில்லையே” என்று விட்டுவிடாதீர்கள். குட்டிக்கும் நோய் இருக்கலாம். கீறலும், புண்ணின் மேல் நக்கியதும்கூடக் கணக்கில் சேரும். நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே வெளிப்படுவதால், அன்றைய நலத்தை நம்பக் கூடாது. நாய் கடித்ததைத் திட்டுக்கு அஞ்சி மறைக்கும் குழந்தைகள் உண்டு. “சொன்னால் திட்டமாட்டோம்” என்று இன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மனத்துக்கும் ஒரு சொல்

நடை, குனிந்து நிமிர்தல், குறித்த நேரத்தில் ஒரு கடமை, நம்மை எதிர்பார்த்து வாலாட்டும் ஓர் உயிர்: ஓய்வுக்காலத்தின் வெறுமைக்கு இவை நல்ல துணை. ஆயினும் இவை மருந்துக்கு மாற்று ஆகா. மேலும், காப்பகம் என்பது பிழைத்த விலங்குகள் மட்டுமே உள்ள இடம் அன்று. விபத்தில் சிக்கியவையும் முதுமையுற்றவையும் அங்கே இறக்கின்றன. அண்மையில் நெருங்கியவரை இழந்தோரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரும் தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நன்று. பாரம் மிகுந்தால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

தொண்டுக்குச் செல்ல எண்ணுவோர், தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலோடும் பழைய தடுப்பூசி அட்டையோடும் ஒருமுறை புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். முதல் ஊசியை அன்றே தொடங்கிவிடலாம்.