காது இரைச்சலுக்கு மாத்திரை வாங்கும் முன்

பகலில் வீட்டுச் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கும் காது இரைச்சல், ஊர் அடங்கியதும் தலையைத் தூக்கும். சிலருக்கு வண்டு ரீங்காரம், சிலருக்கு ‘ம்ம்’ என்று ஓயாத ஓர் உறுமல். மருத்துவர்கள் இதை டின்னிடஸ் என்கிறார்கள். தூக்கம் கெட்டவர் நள்ளிரவில் கைபேசியைத் திறந்தால் துத்தநாகம், மெக்னீசியம், ஜின்கோ என்று டப்பா டப்பாவாக விளம்பரங்கள் வரும். படும் பாட்டில் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும்.

உட்செவியில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் இருக்கின்றன. வயதாலோ பேரிரைச்சலாலோ சில மருந்துகளாலோ அவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய சமிக்ஞை குறையும்போது, மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்கள் கேட்கும் இரைச்சல் அப்படிப் பிறப்பதுதான் என்று கருதப்படுகிறது. உட்செவியில் துத்தநாகம் நிறைய இருப்பது உண்மை. ஆனால் அதை விழுங்கினால் இரைச்சல் அடங்கும் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது.

சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 60 வயதைக் கடந்தவர்களிடம் தினமும் 50 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2013-இல் வெளியானது. துத்தநாகம் எடுத்தபோது 5 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை எடுத்தபோது 2 சதவீதத்தினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். மருந்தால்தான் என்று சொல்ல அந்த வித்தியாசம் போதாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, நீடித்த இரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் உள்ளிட்ட துணை உணவுகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

உடலில் உண்மையிலேயே குறைபாடு இருந்தால் கதை வேறு. கடும் ரத்தசோகையில் நாடித் துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்கலாம். பி12 குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். குறைபாடு இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுக்கத்தான் வேண்டும். பரிசோதனையே இல்லாமல் டப்பாவைத் திறப்பதுதான் தவறு.

காசு போனால் போகட்டும் என்றும் விட முடியாது. ஜிங்க் சல்பேட் 220 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரையில் சுமார் 50 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 17 மில்லிகிராம்தான். மிகையான துத்தநாகத்தை மாதக்கணக்கில் எடுத்தால் உடல் செம்பை உறிஞ்சுவது தடைப்படும். ரத்தசோகை வரும், கால் மரத்து நடை தள்ளாடும். மெக்னீசியம் பலருக்கு வயிற்றுப்போக்கு தரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் தேங்கி ஆபத்தாகும். ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்கள் ஜின்கோ சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். தைராய்டு மாத்திரையோடு மெக்னீசியத்தையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக உடலில் சேராது.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்துவது, மாத்திரையை நம்பி வீணாகும் நாட்கள். ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், கூடவே இரைச்சலும் வந்தால் அது அவசரம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. ஒரே காதில் நீடிக்கும் இரைச்சல், நாடியோடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல், தலைசுற்றலோடு வருவது, இவற்றையும் காட்டாமல் விடக்கூடாது. எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், அமிகாசின் ஊசி, ஃப்யூரோசிமைடு போன்றவையே காரணமாக இருக்கலாம். சிலருக்குக் காதுக் குறும்பி எடுத்தாலே தீர்ந்துவிடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

நிவாரணம் இல்லாமல் இல்லை. செவித்திறன் குறைந்தவருக்குக் காது கேட்கும் கருவி பொருத்தினால், வெளிச்சத்தம் நன்றாகக் கேட்டு உள்ளிரைச்சல் பின்னுக்குப் போவது உண்டு. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் முறை இரைச்சலை நிறுத்தாது. ஆனால் அது தரும் தவிப்பைக் குறைப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இரவில் மின்விசிறியோ மெல்லிய மழைச் சத்தமோ ஓடவிட்டாலும் தூக்கம் பிடிக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு, செவித்திறன் சோதனையும் அங்கே செய்துகொள்ளலாம்.

விசைத்தறியிலும் உலோகப் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. பேரிரைச்சலால் வரும் செவிக்குறைபாட்டைத் தொழில்நோயாகவே சட்டம் ஏற்கிறது. செவித்திறன் சோதனை அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், தொழிற்சங்கத்திடமோ இ.எஸ்.ஐ. மருத்துவரிடமோ காட்டுங்கள்.

டப்பாவையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். துணை உணவு என்று விற்கப்படுவதில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற எச்சரிக்கையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அப்படி அச்சிட்டுவிட்டு விளம்பரத்தில் நோயைத் தீர்க்கும் என்றால் அது விதிமீறல். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. செவிட்டுத்தன்மையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணச் சட்டமே தடுக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விளம்பரத்தில் முகம் காட்டும் பிரபலங்களையும் விடுவதில்லை.

ஏமாந்தவர்கள் பில், டப்பா, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.